முதல் பக்கத்தில் ஒரு முகம்: அளவு என்ன, விலை என்ன?

33 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம். நம் ஊரின் பெரிய அளவு நாளிதழ்களில் முதல் பக்கத்தில் மை படும் இடம் ஏறத்தாழ இவ்வளவுதான். பெருக்கினால் 1,650 சதுர சென்டிமீட்டர். மடித்துப் போட்டால் பாதி, அதாவது 825. கடையில் கிளிப் போட்டுத் தொங்கும்போதும் டீக்கடைப் பெஞ்சில் கிடக்கும்போதும் ஊர் பார்ப்பது இந்த 825 சதுர சென்டிமீட்டரைத்தான். அதிலும் இதழின் பெயருக்கும் தேதிக்கும் ஒரு பட்டை போய்விடும். மீதி இருக்கும் இடத்தில்தான் ஒரு முதல்வர் பெரியவராகிறார், ஓர் எதிர்க்கட்சித் தலைவர் சிறியவராகிறார், ஒரு வெள்ளச் சேதம் இரண்டு காலமாகவோ எட்டு காலமாகவோ ஆகிறது.

முதல் பக்கம் அரசியல்வாதியை எப்படிக் காட்டுகிறது என்று ஆராய்பவர்கள் வழக்கமாகத் தலைப்பின் சொற்களையும் படத்தின் கோணத்தையும் பார்க்கிறார்கள். அது வேண்டியதுதான். ஆனால் அதற்கும் முன்பு ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். அளந்த பிறகு, இந்த இடத்துக்குக் காசு கொடுத்தது யார் என்று கேட்க வேண்டும். இந்த இரண்டு கேள்விக்கும் விடை தெரியாமல் முதல் பக்கத்தைப் படிப்பது அரைப் படிப்பு என்றே நினைக்கிறேன். ஆகவே இந்தக் கட்டுரையை ஒரு கணக்குப் பேரேடாகவே எழுதுகிறேன்.

ஒரு சதுர சென்டிமீட்டர்

இடத்தின் விலையை அறிய ஒரு பொது அளவுகோல் இருக்கிறது. மத்திய அரசின் விளம்பரங்களுக்கு நாளிதழ்கள் பெறும் கட்டணம் அது. 2025 நவம்பரில் அரசு அதை 26 சதவீதம் உயர்த்தியது. ஒரு லட்சம் பிரதிகள் கொண்ட நாளிதழில் கறுப்பு-வெள்ளை விளம்பரம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ரூ.47.40 ஆக இருந்தது, ரூ.59.68 ஆனது. வணிக நிறுவனங்களிடம் நாளிதழ்கள் வாங்கும் கட்டணம் இதைவிடப் பல மடங்கு. அரசுக்கு இது சலுகை விலை. 2016-ஆம் ஆண்டின் அரசு விளம்பரக் கொள்கை முதல் பக்கத்துக்கு 50 சதவீதமும், கடைசிப் பக்கத்துக்கு 30, மூன்றாம் பக்கத்துக்கு 20, ஐந்தாம் பக்கத்துக்கு 10 சதவீதமும் கூடுதலாகத் தரலாம் என்றது. அந்த விகிதத்தையே வைத்துக் கணக்குப் போடுவோம்.

முழுப்பக்கம், 1,650 ச.செ.மீ.: ரூ.98,472
முதல் பக்கக் கூடுதல் 50% சேர்த்து: ரூ.1,47,708
ஒரு பிரதிக்கு: ஏறத்தாழ ரூ.1.48

வண்ணத்துக்கான கூடுதல் தொகை இதில் இல்லை. ஒரு பிரதிக்கு ஒன்றரை ரூபாய்கூட இல்லை. ஒரு வீட்டின் வாசலில் விடியற்காலையில், ஒரு தலைவரின் முகம் பெரிய அளவில், வேறு எந்தச் செய்தியும் கண்ணில் படுவதற்கு முன்பு போய் விழுவதற்கு ஆகும் அடிப்படைச் செலவு இது. அந்த முகத்தைப் பார்ப்பவர் அதே பிரதிக்குத் தன் கைக்காசையும் கொடுத்திருக்கிறார். விளம்பரம் அரசுடையது என்றால் அந்த ரூ.1.48-ம் அவர் வரியிலிருந்து போனதுதான். ஒரே முகத்துக்கு ஒரே ஆள் இரண்டு முறை காசு கொடுக்கிறார்.

இதே அளவுகோலைச் செய்திப் படத்தின் மீதும் வைத்துப் பார்க்கலாம். எட்டுக் காலப் பக்கத்தில் மூன்று காலப் படம் ஏறத்தாழ 12.4 செ.மீ. அகலம் வரும். உயரம் 15 செ.மீ. என்று கொண்டால் 186 சதுர சென்டிமீட்டர், பக்கத்தில் 11 சதவீதம். விளம்பரமாகப் போட்டிருந்தால் அரசு விலையில், முதல் பக்கக் கூடுதலோடு, ரூ.16,650 ஆகியிருக்கும். செய்தி என்பதால் இலவசம். முதல்வர் குத்துவிளக்கு ஏற்றுகிறார், சாவி வழங்குகிறார், காணொலிக் காட்சி மூலம் கட்டடம் திறக்கிறார். இந்தப் படங்களில் பல, அரசின் செய்தி மக்கள் தொடர்புத் துறை எடுத்து இதழ்களுக்கு அனுப்பிவைப்பவை. புகைப்படக்காரர் அரசின் ஊழியர், கோணம் அரசு தேர்ந்தெடுத்தது. முதல்வர் எப்போதும் நடுவில் நிற்பார், பயனாளி பக்கவாட்டில் கை கூப்புவார். எந்தக் கட்சி ஆண்டாலும் இந்த அமைப்பு மாறியதில்லை.

தாளின் கணக்கையும் போட்டுவிடலாம். ஓரங்களோடு சேர்த்து ஒரு தாள் 35-க்கு 55 செ.மீ. என்றும், காகிதம் சதுர மீட்டருக்கு 45 கிராம் என்றும் கொண்டால் முதல் தாளின் எடை 8.66 கிராம். லட்சம் பிரதிக்கு 866 கிலோ. இதழுக்கு மேலே சட்டை போல் போர்த்தி வரும் நான்கு பக்க ஜாக்கெட் விளம்பரத்துக்கு அதில் இரண்டு மடங்கு, 1.7 டன். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யத் தொடங்கியது 1980-களில். சக்கையிலிருந்து வந்ததானாலும் கப்பலில் வந்ததானாலும் காகிதத்துக்கு விலை உண்டு. அந்தச் செலவை விற்பனை விலை மட்டும் ஈடுகட்டாது. விளம்பரம் ஈடுகட்டுகிறது. முதல் பக்கத்தின் குணம் பெரும்பாலும் இங்கேதான் உருவாகிறது.

விளம்பரத்தில் தொடங்கி விளம்பரத்துக்கே

1878 செப்டம்பர் 20 அன்று சென்னையில் ‘தி இந்து’ வார இதழாக வெளிவந்தபோது அச்சானவை 80 பிரதிகள். முதலீடு, கடனாக வாங்கிய 1 ரூபாய் 12 அணா. இதழின் விலை 4 அணா. எண்பதும் விற்றிருந்தால் 20 ரூபாய். அதே இதழ் பிறகு நாளிதழாக வளர்ந்து, நாட்டின் பெரிய பெயர்களில் ஒன்றான பின்பும், அதன் முதல் பக்கத்தை விளம்பரங்களே நிரப்பின. முதல் பக்கத்துக்குச் செய்தி வந்தது 1958 ஜனவரி 14 அன்றுதான். லண்டன் ‘தி டைம்ஸ்’ இன்னும் தாமதம், 1966 மே 3. ‘மான்செஸ்டர் கார்டியன்’ 1952-லேயே மாறிவிட்டது.

ஆகவே, முதல் பக்கம் என்றால் அரசியல் செய்தி என்பது பல பழைய இதழ்களுக்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுப் பழக்கம்தான். தமிழில் இது கொஞ்சம் முந்தியே வந்தது. 1942-ல் மதுரையில் ‘தந்தி’யைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார் லண்டனின் ‘டெய்லி மிர்ரர்’ இதழை முன்மாதிரியாகக் கொண்டார். பெரிய எழுத்துத் தலைப்பு, எளிய சொல், எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் புரியும் வாக்கியம். தலைவர் சொன்னதும் கொலை நடந்ததும் ஒரே பக்கத்தில் ஒரே அளவு எழுத்தில் வந்ததால், அரசியல் என்பது எல்லோரும் பேசக்கூடிய சங்கதி என்ற எண்ணம் தமிழ்நாட்டில் சீக்கிரமே பரவியது. அதற்கு அந்தத் தடித்த எழுத்துக்கும் பங்கு உண்டு.

இப்போது ஜாக்கெட் விளம்பரத்தோடு பழைய நிலை திரும்பியிருக்கிறது. 1958-க்கு முன்பு முதல் பக்கத்தில் இருந்தவை வணிக அறிவிப்புகளும் வரி விளம்பரங்களும். இன்று அந்த இடத்துக்கு வருபவற்றில் ஆட்சியாளரின் முகமும் ஒன்று. செய்தி இரண்டாவது அட்டைக்குள் போகிறது.

அரசின் பேரேடு

2022 டிசம்பரில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்குப்படி, 2014 முதல் அந்த மாதம் 7-ஆம் தேதி வரை விளம்பரத்துக்கு ஆன செலவு ரூ.6,491.56 கோடி. இதில் மின்னணு ஊடகத்துக்கு ரூ.3,260.79 கோடி, அச்சு ஊடகத்துக்கு ரூ.3,230.77 கோடி. அச்சுக்கு மட்டும் ஆண்டுவாரியாக, கோடி ரூபாயில்:

2014–15: 424.84
2015–16: 508.22
2016–17: 468.53
2017–18: 636.09
2018–19: 429.55
2019–20: 295.05
2020–21: 197.49
2021–22: 179.04
2022 ஏப்ரல் முதல் டிசம்பர் 7 வரை: 91.96

சராசரி பார்த்தால் நாளொன்றுக்கு ஒரு கோடி ரூபாய்க்குச் சற்று மேல். இந்தத் தொகை முழுவதும் முகங்களுக்குப் போனது என்று யாரும் சொல்ல முடியாது. தடுப்பூசி அறிவிப்பு, ஆள்சேர்ப்பு, ஒப்பந்தப்புள்ளி எல்லாம் இதில் அடக்கம். அவை மக்களுக்குத் தேவையானவை. ஆனால் பட்டியலின் சரிவைக் கவனியுங்கள். 2017–18-ல் 100 ரூபாய் என்றால் 2021–22-ல் 28 ரூபாய். கொடுக்கும் பணம் குறையக் குறைய, அதை எதிர்பார்த்து நிற்கும் இதழ்களின் கவலை கூடும். அடுத்த மாத விளம்பரத்தை எண்ணிக்கொண்டிருக்கும் ஆசிரியர் அறையில், இன்றைய தலைப்பின் வினைச்சொல் கொஞ்சம் மென்மையாவதற்கு யாரும் தொலைபேசியில் மிரட்ட வேண்டியதில்லை.

மாநில அரசுகளும் சளைத்தவை அல்ல. 2015–16-ல் டெல்லி அரசு விளம்பரத்துக்கு ஒதுக்கிய தொகை ரூ.526 கோடி. அதே ஆண்டில் நாடு முழுவதும் அச்சு ஊடகத்துக்கு மத்திய அரசு செலவிட்டதோ ரூ.508.22 கோடி. டெல்லியின் ஒதுக்கீடு எல்லா ஊடகத்துக்கும் சேர்த்தது, உண்மையில் செலவானது ஒதுக்கியதைவிடக் குறைவு. அப்படியும் ஒரு நகர அரசு அந்த அளவுக்கு ஒதுக்கத் துணிந்தது என்பதே பெரிய செய்தி. பிற்பாடு, 2023 ஜனவரியில், அரசுப் பணத்தில் அரசியல் விளம்பரம் செய்ததாகக் கூறி ஆம் ஆத்மி கட்சியிடம் ரூ.163.62 கோடி கேட்டு நோட்டீஸ் போனது. அசல் ரூ.99.31 கோடி, வட்டி ரூ.64.31 கோடி. கட்சி அதை ஏற்கவில்லை.

நீதிமன்றம் இதில் ஒரு கோடு போட்டுப் பார்த்தது. 2015 மே 13 அன்று, ‘காமன் காஸ்’ அமைப்பின் வழக்கில், அரசு விளம்பரங்களில் குடியரசுத் தலைவர், பிரதமர், உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஆகிய மூவரின் படம் மட்டுமே வரலாம் என்றது உச்ச நீதிமன்றம். விளம்பரம் அரசின் பொறுப்போடு தொடர்புடையதாக இருக்க வேண்டும், கட்சிக்கு ஆதாயம் தேடக்கூடாது, செலவுக்கு நியாயம் இருக்க வேண்டும் என்ற நெறிகளும் அதில் இருந்தன. மத்திய அரசும் தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களும் மறுஆய்வு கேட்டன. 2016 மார்ச் 18 அன்று ஆளுநர்கள், முதல்வர்கள், துறை அமைச்சர்கள் படங்களுக்கும் அனுமதி கிடைத்தது. மூன்று முகம் என்ற வரம்பு பத்து மாதம்தான் நின்றது. மக்களுக்கான பணத்தில் யார் முகம் வரலாம் என்ற கேள்வியில், எலியும் பூனையுமாக நிற்கும் அரசுகள் அனைத்தும் ஒரே பக்கம் நின்றதை நான் மறக்கவில்லை.

பெரிய முகம் வரும் இடத்தில்தான் சரிபார்ப்பும் குறைவு. 2021 செப்டம்பர் 12 அன்று ஆங்கில நாளிதழ் ஒன்றின் முதல் பக்கம் முழுக்க உத்தரப் பிரதேச அரசின் வளர்ச்சி விளம்பரம். யோகி ஆதித்யநாத்தின் உருவத்துக்குக் கீழே இருந்த மேம்பாலம் கொல்கத்தாவினுடையது. அந்த ஊரின் மஞ்சள் டாக்ஸிகள் அதன் மேலே ஓடிக்கொண்டிருந்தன. நாளிதழ் தன் சந்தைப்படுத்தல் பிரிவின் தவறு என்று வருத்தம் தெரிவித்தது. 2024 பிப்ரவரி 28 அன்று குலசேகரன்பட்டினம் ஏவுதளத்துக்காகத் தமிழ்நாட்டு அமைச்சர் ஒருவர் கொடுத்த விளம்பரத்தில் பிரதமரும் முதல்வரும் இருந்தார்கள், பின்னால் நின்ற ராக்கெட்டில் சீனக் கொடி இருந்தது. வடிவமைத்தவரின் பிழை என்றார் அமைச்சர். ஒரு செய்திப் படம் நிருபர், உதவி ஆசிரியர், பக்கம் கட்டுபவர், செய்தி ஆசிரியர் என்று பல கண்களைத் தாண்டி வருகிறது. விளம்பரம் அந்த வழியில் வருவதில்லை. வாசகருக்கோ இரண்டும் ஒரே தாள்.

ஐந்நூறு ரூபாய்

தலைவரின் முகத்தை அரசு மட்டும் பயன்படுத்துவதில்லை. 2016 செப்டம்பர் 2 அன்று நாட்டின் பெரிய நாளிதழ்களில் ரிலையன்ஸ் ஜியோவின் முழுப்பக்க விளம்பரம் பிரதமர் மோடியின் படத்தோடு வந்தது. நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. மறுநாள் பேடிஎம் விளம்பரத்திலும் அதே முகம். பிரதமர் அலுவலகம் அனுமதி தரவில்லை என்று நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. இரு நிறுவனங்களும் வருத்தம் தெரிவித்தன. சின்னங்களையும் பெயர்களையும் முறைகேடாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் 1950-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு விதிக்கக்கூடிய அதிகபட்ச அபராதம் 500 ரூபாய். மேலே சொன்ன அரசு விலையில் 500 ரூபாய்க்கு முதல் பக்கத்தில் கிடைக்கும் இடம் ஐந்தரை சதுர சென்டிமீட்டர், ஓர் அஞ்சல் தலை அளவு.

செய்தி வேடத்தில் வரும் விளம்பரம்

முழுப்பக்க விளம்பரம் குறைந்தபட்சம் விளம்பரம் என்று தெரியும். செய்தி போல வருவதுதான் கொடுமை. 2021 மார்ச் 27 அன்று அசாமில் முதல் கட்ட வாக்குப்பதிவு நடந்தது, 47 தொகுதிகள். மறுநாள் 8 நாளிதழ்களின் முதல் பக்கத்தில், மேல் அசாமின் எல்லாத் தொகுதியிலும் பாஜக வெல்லும் என்று, தலைப்புச் செய்தியின் வடிவத்திலேயே விளம்பரம் வந்தது. அடுத்த கட்டங்கள் பாக்கி இருந்த நேரம் அது. காங்கிரஸ் புகார் செய்தது. தமிழ்நாட்டிலும் அதே சமயம் நடந்த தேர்தலில், வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு, ஏப்ரல் 4 ஞாயிறன்று, திமுகவைச் சாடும் அதிமுக விளம்பரம் செய்திப் பக்கத்தின் சாயலில் நாளிதழ்களைப் போர்த்தி வந்தது. இதழின் பெயர் மேலே, அதற்குக் கீழே தலைப்பு, காலம், படம். அவசரத்தில் பார்ப்பவர் செய்தி என்றே எடுத்துக்கொள்வார். எடுத்துக்கொள்ள வேண்டும் என்றுதானே அந்த வடிவம்?

இதற்கும் கீழே ஒரு படி உண்டு. ‘விளம்பரம்’ என்ற சிறிய சொல்கூட இல்லாமல் வருவது. 2009 மகாராஷ்டிரச் சட்டமன்றத் தேர்தலின்போது அன்றைய முதல்வர் அசோக் சவாணைப் பற்றி 47 முழுப்பக்கங்கள் வந்திருந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் வெளிப்படுத்தினார். போட்டி நாளிதழ்கள் ஒரே புகழுரையை வரி மாறாமல் வெளியிட்டிருந்தன. நாளிதழ் விளம்பரத்துக்கு வேட்பாளர் காட்டிய செலவு ரூ.5,379. மொத்தச் செலவு ஏழு லட்சத்துக்குள். சட்ட வரம்பு பத்து லட்சம். 47 பக்கம் என்றால் 77,550 சதுர சென்டிமீட்டர். லட்சம் பிரதிக்கான இன்றைய அரசு விலையில், எந்தக் கூடுதலும் இல்லாமல், ரூ.46.28 லட்சம். அவை செய்திகள்தான் என்று இதழ்கள் வாதிட்டன, சவாண் மறுத்தார். தேர்தல் ஆணையம் 2014-ல் அவருக்கு எதிராக எடுத்த நடவடிக்கையை டெல்லி உயர் நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பரில் ரத்து செய்தது. சட்டத்தில் அது முடிந்த கதை. ஆனால் பல இதழ்களுக்கு ஒரே நாளில் ஒரே வாக்கியம் எப்படித் தோன்றியது என்பதற்கு இன்றுவரை வாசகருக்கு விடை வரவில்லை.

உத்தரப் பிரதேசத்தின் பிசௌலி தொகுதியில் 2007-ல் வென்ற உம்லேஷ் யாதவ், இப்படிச் செய்தி வேடத்தில் வந்த விளம்பரத்தின் செலவை மறைத்ததால் பதவியிழந்த முதல் சட்டமன்ற உறுப்பினர். கணக்கில் வராத தொகை ரூ.21,250. தேர்தல் ஆணையம் 2011 அக்டோபரில் மூன்றாண்டுத் தகுதிநீக்கம் செய்தது. காசு வாங்கிச் செய்தி போடும் இந்த வழக்கத்தை விசாரித்த பிரஸ் கவுன்சில் துணைக்குழு 2010-ல் எழுதிய அறிக்கை 71 பக்கம், இதழ்களின் பெயர்களோடு. கவுன்சில் முதலில் வெளியிட்டது பெயர்களை நீக்கிய சுருக்கத்தை. தகவல் ஆணையம் தலையிட்ட பிறகே முழு அறிக்கை 2011-ல் வெளிவந்தது. அப்படியே வெளிவந்தாலும், பிரஸ் கவுன்சிலுக்கு 1978-ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்திருப்பது எச்சரிக்கும், கண்டிக்கும் அதிகாரம்தான். அது விதிக்கக்கூடிய அபராதம் பூஜ்யம்.

பிரிட்டனில் நிலைமை இதைவிடச் சற்றே மேல். 2016 மார்ச் 9 அன்று ‘தி சன்’ முதல் பக்கத்தில் அரசி பிரெக்ஸிட்டை ஆதரிப்பதாகத் தலைப்பிட்டது. அங்குள்ள பத்திரிகைத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்தத் தலைப்பு வாசகரைத் தவறாக வழிநடத்துவது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பை இரண்டாம் பக்கத்தில் போட்டு, முதல் பக்கத்தில் குறிப்புக் கொடுக்க வேண்டும் என்றது. பிழைக்கு முதல் பக்கம், திருத்தத்துக்கு இரண்டாம் பக்கம். முதல் பக்கத்தில் ஒரு குறிப்பாவது கிடைத்ததே என்று நாம் பொறாமைப்படலாம்.

சித்திரித்ததற்கு விலை

இதுவரை பார்த்தது புகழ்ச்சியின் விலை. எதிர்த்துச் சித்திரித்தவர்கள் கொடுத்த விலை வேறு நாணயத்தில் இருக்கிறது.

பாரதி ஆசிரியராக இருந்த ‘இந்தியா’ வார இதழ் 1906-ல் தொடங்கியது. தமிழில் அரசியல் கருத்துப்படத்தை முதலில் முறையாக வெளியிட்ட இதழ் அது. வைஸ்ராயும் மிதவாதிகளும் அதில் கோடுகளாகவும் உருவகங்களாகவும் வந்தார்கள். படிக்கத் தெரியாதவரும் புரிந்துகொள்ளும்படி ஆட்சியை வரைந்து காட்டியதே அதன் வலிமை. 1908-ல் இதழின் பதிவுபெற்ற ஆசிரியர் சீனிவாசன் கைதானார், ஐந்தாண்டுத் தண்டனை பெற்றார். பாரதி புதுச்சேரிக்குப் போக, இதழும் பின்னாலேயே போனது.

அது அந்நிய அரசு. 1987 மார்ச் 29 தேதியிட்ட ‘ஆனந்த விகடன்’ அட்டையில் வந்தது ஒரு மேடைச் சிரிப்பு. பிக்பாக்கெட் போல இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் போல இருப்பவர் மந்திரி என்ற பொருளில். எந்தத் தலைவரின் பெயரும் இல்லை. தமிழ்நாடு சட்டமன்றம் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்பில் சில நாட்களில் விடுவித்தார்கள். அவர் அதோடு விடவில்லை. உயர் நீதிமன்றம் சென்றார், 1994-ல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. இழப்பீடு 1,000 ரூபாய். தொகைக்காகப் போட்ட வழக்கு இல்லை அது என்பது அந்த எண்ணிலேயே தெரிகிறது. தமிழ்ப் பத்திரிகை உலகம் சம்பாதித்த தொகைகளில் இதைவிட மதிப்புள்ளது எனக்குத் தெரிந்து இல்லை.

2003 நவம்பர் 7 அன்று அதே சட்டமன்றம் ‘தி இந்து’வின் ஐவருக்கும், அதன் தலையங்கத்தைத் தமிழில் வெளியிட்ட ‘முரசொலி’ ஆசிரியர் செல்வத்துக்கும் 15 நாள் சிறை விதித்தது. ‘தி இந்து’வின் ஏப்ரல் மாதச் செய்திகளில் முதல்வர் ஜெயலலிதாவின் பேச்சை விவரித்த சொற்களும், அதன்பின் எழுதிய தலையங்கமும்தான் குற்றம். கோபம், சீற்றம், கடும் தாக்கு என்ற பொருள் தரும் சில சொற்கள். போலீஸ் அண்ணா சாலை அலுவலகத்துக்கே வந்தது. மூன்றாம் நாள், நவம்பர் 10 அன்று, உச்ச நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்தது.

அந்தச் சொற்களை இன்றைய முதல் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ‘ஆவேசம்’, ‘காட்டம்’, ‘விளாசல்’, ‘பதிலடி’, ‘அதிரடி’ இல்லாமல் ஒரு வாரம் கழிவதில்லை. அன்று ஆறு பேருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப் போதுமானதாக இருந்த சொற்கள் இன்று தலைவர்களுக்கே பிடித்திருக்கின்றன. ஏனென்றால் இவை தலைவரை வீரராகக் காட்டுகின்றன. அவர் என்ன சொன்னார் என்பது தலைப்பிலிருந்து காணாமல் போய், எவ்வளவு சூடாகச் சொன்னார் என்பது மட்டும் நிற்கிறது. நடப்புச் செய்தி தகராறாகச் சுருங்கும் இடம் இதுதான். அதேபோல ‘ரூ.500 கோடியில் புதிய திட்டம்: முதல்வர் அறிவிப்பு’ என்பது நான்கு காலம் பெறும். அந்தத் திட்டத்தில் எத்தனை கோடி செலவானது என்று மூன்றாண்டு கழித்துத் தணிக்கை அறிக்கை சொன்னால், அது உள்பக்கத்தில் ஒரு காலம். வாசகர் மனத்தில் அறிவிப்பு மட்டும் தங்குகிறது.

நாளிதழை எதிரியாக நினைத்து இதையெல்லாம் எழுதவில்லை. காலை நாலரை மணிக்குக் கட்டுப் பிரித்து, மழையிலும் வீடு வீடாகப் போடும் பையன்கள் வரைக்கும் நீளும் இந்தத் தொழில் நிலைக்க வேண்டும். அரசு விளம்பரம் நின்றுபோனால் முதலில் மூடப்படுவது சிறிய இதழ்களாகத்தான் இருக்கும். ஆகவே நிறுத்துங்கள் என்று கேட்கவில்லை. கேட்பது ஒரே ஒரு வரி.

மத்திய அரசின் விளம்பரத்தின் ஓரத்தில் ஓர் ஆணை எண் இருக்கும். தமிழ்நாடு அரசின் விளம்பரத்தில் ‘செ.ம.தொ.இ.’ என்று தொடங்கும் ஓர் எண் இருக்கும். கண்ணை இடுக்கிப் பார்த்தால் தெரியும். அலுவலகத்தில் பில் பாஸாக அது போதும், வாசகருக்கு அது எதையும் சொல்வதில்லை. அதன் பக்கத்தில் இன்னொரு வரி அச்சாகட்டும்: இந்த விளம்பரத்தின் பரப்பு இவ்வளவு, இந்த இதழுக்குக் கொடுத்த தொகை இவ்வளவு, எந்தத் துறையின் நிதியிலிருந்து. செலவுக்கு நியாயம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015-லேயே சொல்லிவிட்டது. அந்த நியாயத்தை எடைபோட வேண்டியவர் காசு கொடுத்தவர், அவருக்குத் தொகை தெரிய வேண்டும். புதிய சட்டம் தேவையில்லை. செய்தித் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும். அப்படி ஒரு சுற்றறிக்கையை முதலில் போடும் மாநிலமாகத் தமிழ்நாடு இருக்கட்டும்.

வரிக்கு வேண்டிய இடம் 10 சதுர சென்டிமீட்டர். அரசு விலையில், லட்சம் பிரதிக்கு, ரூ.596.80.